பக்கத்து வகுப்பு மிஸ் எங்கே?

கேள்வி (சுருக்கம்): தண்டையார்பேட்டையில் ஒரு நர்சரி பள்ளியில் இரண்டு வருஷமாக எல்.கே.ஜி. மிஸ்ஸாக இருக்கிறேன். 36 பிள்ளைகள். 9,000 ரூபாய் சம்பளம். சார்ட் வேலை வீட்டில் ராத்திரி 11 வரை இழுக்கிறது. கரஸ்பாண்டன்ட் எதிலும் குறை சொல்கிறார். வகுப்பை விட்டு பாத்ரூம் போக முடியாது என்பதால் மதியம்வரை தண்ணீர் குடிப்பதில்லை, பழகிவிட்டது. வேலையை விட்டால் மகள் ஃபீஸுக்கு வழியில்லை. விடலாமா மேடம்?

பதில்: கரஸ்பாண்டன்ட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் குடிப்பதில்லை என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் பதறியது. 36 பிள்ளைகளின் வாட்டர் பாட்டிலையும் திறந்து கொடுக்கிற கை உங்களுடையது. உங்கள் தொண்டைக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை? அடக்கி அடக்கி யூரின் இன்ஃபெக்‌ஷனோடு படுத்தால் மகளை யார் பார்ப்பது? அம்மா என்றால் உடம்பை உருக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியே நம் வீடுகளில் பெண்களை நோயாளியாக்கியிருக்கிறோம். அதைக் கடமை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. அவ்வளவு நீளக் கடிதத்தில் பக்கத்து வகுப்பு மிஸ்ஸைப் பற்றி ஒரு வரி இல்லையே, ஏன்? கேரி லீனா என்பவரும் இன்னும் இருவரும் அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளின் ஆசிரியர்களை ஆராய்ந்து 2009-ல் எழுதினார்கள். ஆசிரியர்கள் கூடிப் பேசித் தங்கள் வேலையை மாற்றி அமைத்துக்கொண்ட வகுப்புகளில் பிள்ளைகளைக் கவனிக்கும் தரம் கூடியிருந்தது. அதிலும் அனுபவம் குறைந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். இரண்டு வருஷ மிஸ்ஸுக்கு இதைவிட என்ன சொல்ல?

பத்தரை மணிக்கு இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து ரைம்ஸ் பாடவையுங்கள். ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர் போய்வரட்டும். மறுபடி மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வாரச் சார்ட் உங்களுடையது என்றால் அடுத்த வாரம் அவருடையது. அதுவும் மீன் பாடத்துக்கு எதற்குத் தெர்மகோல்? காசிமேட்டில் மீன் விற்கிற பாட்டி உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்காவது இருப்பார். வரச்சொல்லுங்கள். சங்கராவையும் நெத்திலியையும் அவர் காட்டினால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். காகிதத்தைப் பிள்ளைகளே கிழித்து ஒட்டட்டும். பென்சில் பிடிக்க விரலுக்கு அப்படித்தான் வலு வரும். கோணலாக ஒட்டினாலும் சுவரில் அதையே மாட்டுங்கள். மிச்சம் இருந்தால் வீட்டில் கத்தரிக்கோலைக் கணவர் கையில் கொடுங்கள். குடும்பம் என்றால் அதுவும் சேர்ந்ததுதான்.

இதனால் சம்பளம் ஏறாது. 36 பேருக்கு ஒருவர் என்பது அநியாயம். ஒரு ஆயாம்மா வேண்டும் என்று இருவரும் சேர்ந்துபோய்க் கேளுங்கள். ஏப்ரல்வரை பாருங்கள். பாத்ரூம் போகிற பத்து நிமிஷத்துக்கும் அங்கே தடை என்றால் அப்புறம் ஒரு நாளும் இருக்காதீர்கள். வேறு பள்ளி தேடுங்கள்.

நாளைக் காலை பிரேயர் முடிந்ததும் முதலில் அந்த மிஸ்ஸிடம் போய்ப் பேசுங்கள். அவரும் மதியம்வரை தண்ணீர் குடிக்காமல்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். கேட்டுப் பாருங்கள்.