வரிமீனும் பரிசலும்: வாசகர் கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மே மாத மாலை ஒன்றில் மருமகனோடு ராரிட்டன் விரிகுடாவுக்குப் போய், கயாக் என்னும் ஒற்றையாள் படகில் அமர்ந்து ஸ்ட்ரைப்டு பாஸ் என்னும் வரிமீனைப் பிடித்ததைச் சென்ற இதழில் அரைப்பக்க அளவில் எழுதியிருந்தேன். மாட்டிய இரண்டு மீன்களில் பெரியதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, சிறியதை வீட்டுக்குக் கொண்டுவந்தோம் என்று அதில் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: ஐயா, இந்த மீன் நம் ஊர் மீன்களில் எதைப் போன்றது? (ஓய்வு பெற்ற ஆசிரியர், பாலக்கோடு)

தோற்றத்தில் நம் கடலோர மக்கள் கொடுவா என்று சொல்லும் மீனை ஓரளவு ஒத்திருக்கும். வெள்ளி நிறப் பக்கவாட்டில் செவுள் தொடங்கி வால் வரை ஏழெட்டுக் கருங்கோடுகள், ரூல் போட்டு இழுத்ததுபோல நீளவாக்கில் ஓடுகின்றன. பெயரும் அதனால்தான் வந்தது. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரக் கடலில் வளர்ந்து, வசந்த காலத்தில் முட்டையிடுவதற்கு மட்டும் ஹட்சன், டெலவேர் போன்ற ஆறுகளின் நன்னீரை நாடி ஏறும் மீன் இது. 2011ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தை ஒட்டிய கடலில் தூண்டிலில் சிக்கிய ஒன்று சுமார் 37 கிலோ இருந்தது. இன்றுவரை அதுவே சாதனை எடை.

கே: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பரிசல் ஓட்டுகிறது. பெரிய மீன் மாட்டினால் அவ்வளவு சிறிய படகைக் கவிழ்த்துவிடாதா? (ஊட்டமலை வாசகர்)

கேட்க வேண்டியவர்தான் கேட்டிருக்கிறீர்கள். பரிசல் வட்டமானது என்பதால் மீன் எந்தப் பக்கம் இழுத்தாலும் அது சுழன்றுகொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். கயாக் பன்னிரண்டு அடி நீளமும் மூன்றடிக்கும் குறைவான அகலமும் உடைய பிளாஸ்டிக் ஓடம். முன்பக்கமாக எவ்வளவு இழுத்தாலும் அம்பு போலப் போகும், பக்கவாட்டில் இழுத்தால்தான் ஆபத்து. இதைச் சொல்லித்தான் மருமகன் என்னை ஏற்றினார். இருந்தும் முதல் மீன் மாட்டிய பதற்றத்தில் தூண்டில் கோலை வலப்பக்கமாகவே பிடித்துக்கொண்டிருந்தேன். படகின் விளிம்பு தண்ணீரைத் தொட்டு, மடியில் ஒரு கை நீர் வந்து விழுந்த பிறகே, "மாமா, கோலைப் படகின் மூக்குப் பக்கம் திருப்புங்கள்" என்று அவர் கத்தியது காதில் ஏறியது. திருப்பிய மறுகணம் படகு தானாகவே மீன் இருக்கும் திசைக்குத் திரும்பி, அதன் பின்னாலேயே ஓடத் தொடங்கியது. தூண்டில் நரம்பு அறுந்துபோகாததற்குக் காரணம் என் கைத்திறன் அல்ல. கரையில் நின்று பிடிப்பவனின் கால்கள் அசையாமல் இருப்பதால் மீனின் வேகம் முழுவதையும் நரம்பும் அதைச் சுற்றிவைக்கும் ரீலும் தாங்க வேண்டியிருக்கிறது. இங்கோ என்னையும் படகையும் சேர்த்து நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையை மீனே இழுத்து இழுத்துக் களைத்துப்போகிறது. சொல்லப்போனால் படகும் தூண்டிலின் ஒரு பகுதிதான்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒகேனக்கலில் பரிசல் பயணிக்கு உயிர்காப்புச் சட்டை கட்டாயம் என்பதை நீங்கள் அறிவீர்கள். ராரிட்டனில் அதோடு ஊதுகுழலும், இருட்டிவிட்டால் காட்டுவதற்கு வெள்ளை விளக்கும் இல்லாமல் படகை இறக்குவதில்லை. மே மாதத்தில் காற்று இதமாக இருந்தாலும் கடல்நீர் குளிர்ந்தே கிடப்பதால், நீச்சல் தெரிந்தவரும் சிறிது நேரத்தில் கைகால் விறைத்துப்போவார். அதனால் உடலோடு ஒட்டிய ரப்பர் உடை ஒன்றையும் எனக்கு மாட்டிவிட்டார்கள். அதற்குள் நுழைய நான் பட்ட பாட்டைப் பார்த்து என் மகள் சிரித்த சிரிப்பை எழுதத் தேவையில்லை.

கே: பகலில் பிடிக்கக் கூடாதா? மாலையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? (வாசகி, காவேரிப்பட்டினம்)

பிடிக்கலாம். ஆனால் வெளிச்சம் மங்கும்போதுதான் இந்த மீன் ஆழத்தை விட்டுக் கரையோர மேட்டுக்கு இரை தேடி வருகிறது. அரையிருட்டில் இரைமீனைவிட இதற்குப் பார்வை நன்றாகத் தெரியும். அங்கே மே மாதத்தில் சூரியன் மறைவதே இரவு எட்டு மணிக்குத்தான் என்பதால், ஆறு மணிக்குப் படகை இறக்கியும் எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தது.

நேரத்தைவிட முக்கியமானது ஓதம். அந்த விரிகுடாவில் கடல்நீர் ஒரு நாளில் இருமுறை சுமார் ஐந்தடி உயரம் ஏறி வடிகிறது. வடியும் நீர் சிற்றோடைகளின் வாய் வழியாகச் சிறுமீன்களை வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது, வரிமீன் ஓட்டத்துக்குள் போகாமல் அதன் ஓரத்தில் காத்து நிற்கிறது. காவிரியில் பாறைக்குப் பின்னால் நீர் திரும்பும் மடுவில் கெளுத்தி காத்திருக்கும் என்று பெரியவர்கள் காட்டித் தந்திருக்கிறார்கள் அல்லவா, அதே கணக்குதான். நாங்கள் விரல் நீளத்தைவிடச் சற்றே பெரிய ரப்பர் மீனை நூறடி பின்னால் இழுத்தபடி அந்த ஓரத்திலேயே படகின் கால்மிதியை மெல்ல மிதித்து வந்தோம். தலைக்கு மேலே, நம் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வரும் விராலடிப்பான் பறவை ஒன்று எங்களுக்கு முன்பே தன் பங்கை எடுத்துக்கொண்டு போனது.

கே: கையில் கிடைத்த பெரிய மீனை விட்டுவிட்டது புண்ணியத்துக்காகவா? (வாசகர், தருமபுரி)

இல்லை, சட்டத்துக்காக. 28 அங்குலத்துக்குக் குறைந்ததையும் 31 அங்குலத்துக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது; அந்த இடைவெளிக்குள் அடங்கியதிலும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றுதான். என் மீன் அளவுப்பலகையில் 34 அங்குலம் காட்டியது. சிறியதை விடுவது எல்லோருக்கும் புரிகிறது. பெரியதை ஏன் விட வேண்டும் என்று எனக்கும் உறுத்தியது. மிகப் பெரிய வரிமீன்கள் பெரும்பாலும் பெண் மீன்கள்; உடல் பெருக்கப் பெருக்க அவை இடும் முட்டைகளும் பெருகிப் பல லட்சமாகின்றன. 1639ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் இந்த மீனை வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று தடை விதித்தார்கள். அப்படியும் 1980களின் தொடக்கத்தில் மீன்வளம் சரிந்து, மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை இதைப் பிடிப்பதையே முற்றிலும் நிறுத்தியது. பிறகு பெருகியது, மறுபடியும் குறைந்தது. அதனால்தான் 2023இல் மேல் அளவை 31 அங்குலமாக இறக்கினார்கள்.

தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறுகூரைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கி வைத்திருந்ததால், அது சதையைக் கிழிக்காமல் எளிதாகக் கழன்றது. கீழுதட்டைக் கட்டைவிரலால் பற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பித் தண்ணீருக்குள் பிடித்திருந்தேன். அரை நிமிடம் செவுள் விரிந்து மூடியபின் ஓர் உதறு உதறிப் போய்விட்டது. அதன் வாய்க்குள் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு. என் கட்டைவிரலின் தோல் உரிந்து இரண்டு நாள் புளிக்குழம்பில் கைவைக்க முடியவில்லை.

கே: இதன் குஞ்சுகளைக் கொண்டுவந்து கிருஷ்ணகிரி அணையில் விட்டால் என்ன? (இளைஞர், கிருஷ்ணகிரி)

வேண்டாம். இதன் முட்டைகள் ஏறக்குறைய இரண்டு நாள் ஓடும் நீரில் மிதந்துகொண்டே இருந்தால்தான் பொரிக்கும். தேங்கிய நீரில் அடியில் படிந்து அழிந்துவிடும். நம் கட்லாவும் ரோகுவும்கூட ஆற்று வெள்ளத்தில் இனம் பெருக்குபவையே. 1957இல் மீனியல் அறிஞர் ஹிராலால் சௌத்ரி ஊசி மருந்து செலுத்தி இவ்வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் அணைகளில் விடுவதற்குக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைத்தன. வரிமீனுக்கும் அந்த வழி உண்டு, அமெரிக்காவில் பல நீர்த்தேக்கங்களில் அப்படி வளர்க்கிறார்கள். ஆனால் நீரின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வளர்ந்த மீன் இரையெடுக்காமல் சோர்ந்துவிடும். சித்திரை வெயிலில் நம் அணை நீரைத் தொட்டுப் பார்த்தவருக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. ஒருவேளை பிழைத்துக்கொண்டால் அது இன்னும் பெரிய தொல்லை. 1952இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டை எந்தக் குளத்தை விட்டுவைத்திருக்கிறது? அதுவாவது பெரும்பாலும் பாசி தின்னும் மீன். இது மீனைத் தின்னும் மீன்.

கே: ருசி எப்படி? (வாசகி, அரூர்)

வெள்ளைச் சதை, இதழ் இதழாகப் பிரியும், முள் தொந்தரவு குறைவு. 29 அங்குல மீனின் பாதியைக் குழம்பாக்கி, பாதியை மிளகு தடவிப் பொரித்தாள் என் மகள். அந்த விரிகுடாவின் மீனில் பழைய ஆலைக் கழிவின் நஞ்சு தங்கியிருப்பதால், கர்ப்பிணிகளும் சிறுவர்களும் உண்ண வேண்டாம் என்று அந்த மாநில அரசே அறிவுறுத்துகிறது. ஆகவே பேரனுக்கு அன்று பருப்புச் சோறு. அவன் முறைத்த முறைப்பில் எனக்கும் இரண்டாம் துண்டு இறங்கவில்லை. கிருஷ்ணகிரி அணைப் பூங்கா வாசலில் பொரித்துத் தருகிறார்களே, காரத்தில் அதை மிஞ்சவில்லை.