திங் என்றொரு பஞ்சாயத்து

அன்புள்ள ஐயா,

நான் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் நான் அதிகம் சிவப்பு மையால் அடிக்கும் சொல் 'திங்'. எதற்கெடுத்தாலும் 'எ குட் திங்', 'மெனி திங்ஸ்'. சென்ற வாரம் அகராதியைப் புரட்டியபோது, பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குச் 'சபை' என்று பொருள் இருந்ததாகப் போட்டிருந்தது. ஆட்கள் கூடும் சபைக்கும் மேசை நாற்காலிக்கும் ஒரே சொல்லா? அல்லது ஒரே ஒலியுள்ள இரண்டு சொற்களா? ஒரே சொல்தான் என்றால், அவ்வளவு உயரத்தில் இருந்தது இப்படித் தேய்ந்துபோனது வருத்தமாக இருக்கிறது.

வ.

அன்புள்ள வ.,

ஒரே சொல்தான். தேய்ந்துபோகவும் இல்லை. நாமும் தமிழில் அதே வழியில் நடந்துகொண்டிருக்கிறோம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஏழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்கிழக்கே இருந்த கென்ட் நாட்டை ஆண்ட ஹ்லோத்ஹெரே, எயட்ரிக் என்ற இரு அரசர்களின் சட்டத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஒருவன் இன்னொருவன் மீது குற்றம் சாட்டி, அவனைச் சபையிலோ 'திங்'கிலோ சந்தித்தால், குற்றம் சாட்டப்பட்டவன் பிணை கொடுக்க வேண்டும் என்கிறது அது. ஊரார் குறித்த நாளில் கூடி வழக்குத் தீர்க்கும் இடம்தான் 'திங்'. இந்தக் 'குறித்த நாள்' முக்கியமானது. பழைய கோதிக் மொழியில் 'காலம்' என்று பொருள்படும் 'தெய்ஹ்ஸ்' என்ற சொல்லுக்கு இது உறவு என்று மொழியறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நாள் குறித்துக் கூடியதால் அந்தப் பெயர்.

இந்தச் சொல்லை நான் நேசிக்கத் தொடங்கியது பேவுல்ஃப் என்ற வீரனைப் பற்றிய பழைய ஆங்கிலக் காவியத்தைப் படித்தபோது. கிரென்டல் என்ற அரக்கன் டேனியர்களின் மண்டபத்தில் இரவுதோறும் புகுந்து ஆட்களைக் கொன்று தின்கிறான். அந்தக் கால வழக்கப்படி, கொலை செய்தவன் செத்தவனின் உறவினர்களுக்கு ஈட்டுப் பணம் கொடுத்துச் சமாதானமாகலாம். கிரென்டல் அதற்கு வரவில்லை என்று கவிஞர் சொல்கிறார். 'பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள' என்ற இடத்தில் அவர் வைத்த வினைச்சொல் 'திங்கியன்'. நம் 'திங்' வினையாக மாறிய உருவம்தான் அது. முந்நூறு வரிக்கும் குறைவான தூரத்தில் பேவுல்ஃப் வந்து நிற்கிறான். அந்த அரக்கனோடு நான் ஒருவனே 'திங்' நடத்துகிறேன் என்கிறான். பல மொழிபெயர்ப்புகளில் அங்கே வெறும் 'சண்டை' என்றுதான் இருக்கிறது. எனக்கு அது பெரிய இழப்பு. மூலத்தில் இருப்பது சட்டத்தின் மொழி. ஊர்ப் பஞ்சாயத்துக்கு வர மறுத்தவனிடம், அவன் வரும் இடத்துக்கே பஞ்சாயத்தைக் கொண்டுபோகிறேன் என்கிறான் வீரன்.

சபை என்ற பொருள் இன்றும் உயிரோடு இருக்கும் இடங்கள் உண்டு. ஐஸ்லாந்தின் நாடாளுமன்றத்துக்கு 'அல்திங்' என்று பெயர். கி.பி. 930 அளவில் திங்வெட்லிர் என்ற வெளியில் அது தொடங்கியது. அங்கே 'சட்டப் பாறை' என்றொரு பாறை. எழுத்தில் சட்டம் இல்லாத அந்தக் காலத்தில், சட்டம் சொல்பவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, மூன்று ஆண்டுகளில் மொத்தச் சட்டத்தையும் நினைவிலிருந்து சொல்லி முடிக்க வேண்டும். ஒரு நாட்டின் சட்டம் ஒரு மனிதரின் தொண்டையில் இருந்திருக்கிறது! 1944 ஜூன் 17 அன்று ஐஸ்லாந்து தன்னைக் குடியரசாக அறிவித்ததும் அதே வெளியில்தான். நார்வேயின் 'ஸ்டோர்டிங்', டென்மார்க்கின் 'ஃபோல்கெடிங்' என்று நாடாளுமன்றங்களின் பெயரிலும், ஸ்காட்லாந்தின் டிங்வால், லிவர்பூல் அருகே உள்ள திங்வால் என்று ஊர்ப் பெயர்களிலும் இந்தச் சொல் கிடக்கிறது. பிரிட்டனில் தேர்தல் பிரச்சாரக் கூட்டங்களை 'ஹஸ்டிங்ஸ்' என்கிறார்களே, அது ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழியான நார்ஸின் 'ஹுஸ் திங்', வீட்டுச் சபை. ஜெர்மானியர்களின் செவ்வாய்க்கிழமையான 'டீன்ஸ்டாக்' கூடச் சபையைக் காத்த தெய்வத்தின் பெயரால் வந்தது என்பார்கள். இங்கிலாந்தின் வடக்கே ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரருகே 1883இல் அந்தத் தெய்வத்துக்கான பலிபீடம் கிடைத்தது. ரோமானியரின் போர்க் கடவுளான மார்ஸின் பெயரோடு சேர்த்து 'மார்ஸ் திங்சுஸ்' என்று பொறித்திருக்கிறது.

சரி, சபை எப்படிச் சாமான் ஆனது?

முதலில் சபை. பிறகு சபையில் பேசப்பட்ட வழக்கு. பிறகு எந்த விஷயமானாலும் அது 'திங்'. பழைய ஆங்கிலத்திலேயே 'அந்தக் காரணத்தால்' என்று சொல்ல இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சபையைக் குறிக்க 'மோட்', 'கெமோட்' என்று வேறு சொற்கள் இருந்ததால், இது விஷயத்தின் பக்கம் சாய்வதற்கு இடமும் இருந்தது. விஷயம் என்று வந்துவிட்டால் பொருளுக்கு வருவது ஒரு எட்டுத்தான்.

இந்தப் பாதையில் ஆங்கிலம் தனியாகப் போகவில்லை. லத்தீனில் 'காவ்ஸா' என்றால் வழக்கு, காரணம். அதுதான் இத்தாலியில் 'கோஸா', பிரான்ஸில் 'ஷோஸ்' ஆகி, இரண்டுக்கும் இன்று 'பொருள்' என்று அர்த்தம். ஜெர்மன் 'ஸாகே'யும் அப்படியே, வழக்கிலிருந்து பொருளுக்கு. அதன் ஆங்கில உடன்பிறப்பு 'ஃபார் த சேக் ஆஃப்' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் முதலில் சொன்ன கென்ட் சட்டத்தில் 'குற்றச்சாட்டு' என்ற இடத்தில் இருப்பதும் இந்தச் 'சேக்'கின் பழைய உருவம்தான். அந்த ஒரு வாக்கியத்திலேயே இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இப்போது தமிழுக்கு வாருங்கள். 'இது என்ன புதுப் பஞ்சாயத்து?' என்று வீட்டில் கேட்கிறோம். அங்கே ஆலமரமும் இல்லை, ஐந்து பேரும் இல்லை. சபையின் பெயர் தகராறுக்குப் பெயராகிவிட்டது. 'திங்' எடுத்து வைத்த முதல் அடி இதேதான். இதைவிட எனக்கு வியப்பான சொல் 'சங்கதி'. சமஸ்கிருதத்தில் 'ஸங்கதி' என்றால் ஒன்றுகூடுதல், சந்திப்பு. தமிழில் அது விஷயம், சேதி. 'ஒரு சங்கதி சொல்லணும்' என்கிறபோது, கூடுகை ஒன்று விஷயமாக மாறி முடித்திருக்கிறது. 'திங்' என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல் கேட்டால், நான் 'பொருள்' என்று சொல்ல மாட்டேன், 'சங்கதி' என்றுதான் சொல்வேன்.

ஆகவே வருத்தப்படாதீர்கள். சொல் கீழே இறங்கவில்லை. மனிதர்கள் கூடிப் பேசியதையெல்லாம் தன்மேல் ஏற்றிக்கொண்டு அகன்றிருக்கிறது. 'எனிதிங்', 'நத்திங்' இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத முடியுமா?

சிவப்பு மையைப் பொறுத்தவரை, நீங்கள் செய்வது சரிதான். துல்லியமான சொல் இருக்கும் இடத்தில் 'திங்' என்று எழுதுவது சோம்பல், அதை அடிக்கத்தான் வேண்டும். அடித்துவிட்டு ஓரத்தில் 'என்ன சங்கதி?' என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள். பதில் சொல்ல முயலும்போது பிள்ளைக்கு அந்த இடத்துக்கு உரிய சொல் கிடைத்துவிடும். ஒரு பாடவேளை மிச்சம் இருந்தால் கிரென்டல் கதையையும் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு அது நிச்சயம் பிடிக்கும்.