விலங்குகளுக்காகக் குரல் கொடுத்தால் வழக்கா? – சட்டக் கேள்வி-பதில்

கே: நாகர்கோவிலில் கோழிக்கூண்டுகளுக்கு எதிராகப் பதாகை பிடித்து ஏழு பேர் நின்றோம். போலீஸார் மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். இப்போது கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறதே?

ப: சாயங்காலம் விட்டதோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆஜராகாமல் இருந்துவிடாதீர்கள், வாரண்ட் வரும். முதல் வேலை, எஃப்.ஐ.ஆர். நகலும் சார்ஜ் ஷீட்டும் வாங்கிப் பிரிவுகளைப் பார்ப்பது. பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 223, அதாவது அதிகாரியின் உத்தரவை மீறியது (பழைய இ.பி.கோ. 188) இருந்தால், உத்தரவு போட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ கோர்ட்டில் எழுத்துப் புகார் கொடுத்திருக்க வேண்டும். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 215 சொல்வது அது. போலீஸ் சார்ஜ் ஷீட் மட்டும் போதாது. 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குமரி வழக்குகள் போவதும் அதே கிளைக்குத்தான். பி.என்.எஸ்.எஸ். 528-இன் கீழ் வழக்கை ரத்து செய்ய அங்கே மனு போடலாம்.

சட்டவிரோதக் கூட்டம் என்று பி.என்.எஸ். 189 (பழைய 143) சேர்த்திருந்தாலும் பயப்பட வேண்டாம். ஐந்து பேர் கூடினாலே சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது, நோக்கமும் சட்டம் சொல்லும் வகையாக இருக்க வேண்டும். வழிமறிப்புக்கான 126(2) வந்தால்தான் சிக்கல்: வழியை மறித்தீர்களா, ஓரமாக நின்றீர்களா? அன்று எடுத்த வீடியோவை எடுத்த போனிலேயே வையுங்கள். வாட்ஸாப்பில் சுற்றி வந்த பிரதி நிற்காது. சம்பவத் தேதியையும் பாருங்கள். இந்தப் பிரிவுகளுக்குக் காலவரம்பு ஓராண்டு.

கே: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு" என்கிறார்கள். எனக்குத் துபாயில் வேலை கிடைத்திருக்கிறது.

ப: கட்டாதீர்கள். நூறு ரூபாய் அபராதமும் தண்டனைதான், ஆவணத்தில் நிற்கும். எஃப்.ஐ.ஆர். மட்டும் இருப்பது பாஸ்போர்ட்டுக்குத் தடையில்லை. கோர்ட் வழக்கைக் கோப்பில் எடுத்த பிறகு மத்திய அரசின் 1993 பாஸ்போர்ட் அறிவிக்கைப்படி கோர்ட் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பது தனி வம்பு. வக்கீல் வைக்க வசதியில்லையா? நாகர்கோவில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது இலவசச் சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

கே: களியக்காவிளை வழியாகப் போகும் மாட்டு லாரிகளை நிறுத்தலாமா?

ப: நீங்கள் நிறுத்தக் கூடாது. முறையின்றி மாடு ஏற்றியவருக்கு 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய். மறித்த உங்களுக்கு 5,000 வரை, இல்லை ஒரு மாதச் சிறை! டிரைவர் "காசு கேட்டார்கள்" என்று சொல்லிவிட்டால் பணப்பறிப்பு வழக்கும் சேரும். வண்டி எண், நேரம், இடம், தலைக்கணக்கு ஆகியவற்றைக் குறித்து 112-க்குச் சொல்லுங்கள். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978 விதிப்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது, கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டும். புகாரில் இந்த இரண்டையும் எழுதினால் போதும்.

கே: அமெரிக்காவில் பன்றிக்குட்டியை எடுத்துச் சென்றவர்கள் விடுதலையானார்களாமே?

ப: 2022-இல் யூட்டாவில், ஆமாம். விடுவித்தது ஜூரி. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் இது போன்ற வழக்கில் 90 நாள் சிறை விதித்தார்கள். இங்கே ஜூரியே கிடையாது. பண்ணையிலிருந்து ஒரு கோழியைத் தூக்கினாலும் பி.என்.எஸ். 303(2)-இன்படி திருட்டுதான். மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவை, திருப்பியும் கொடுத்தாயிற்று என்றால் சமூகச் சேவையோடு போகும்.