சில்லர் நின்னு டேங்க் 32 டிகிரி: ரீஃப் டேங்க் (கோரல்ங்கற பவளமும் கடல் மீனும் வளக்கற தொட்டி) கேள்வி பதில்

கே: அண்ணா, நைட்டு தண்ணிய குளிர வைக்கற சில்லர் ட்ரிப் ஆயிடுச்சு, காலைல பாத்தா 32 டிகிரி, மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுது. ஐஸ் கொட்டிடவா?

ப: கொட்டாதீங்க! முதல்ல காத்து, அப்புறம்தான் குளிர்ச்சி. சூடான தண்ணில ஆக்சிஜன் கம்மியாத்தான் நிக்கும், அதுக்குத்தான் மேல வருதுங்க. வேவ்மேக்கர (தண்ணில அலை உண்டாக்கற பம்ப்) மேல்பக்கமா திருப்பி தண்ணி நல்லா கலங்கற மாதிரி வைங்க, மூடி இருந்தா எடுத்துடுங்க, லைட் ஆஃப். அப்புறம் டேபிள் ஃபேன் காத்து தண்ணி மேல படட்டும், ரெண்டு டிகிரியாவது இறங்கும், ஆனா சென்னைல மே மாசப் புழுக்கத்துல அதுவும் டவுட்டுதான். அப்ப பாட்டில்ல ஐஸ் ஆக்கி, மூடிய இறுக்கி, சம்ப்ல (டேங்குக்குக் கீழ இருக்கற ஃபில்டர் தொட்டி) ஒண்ணு ஒண்ணா மிதக்க விடுங்க, மணிக்கு 1 டிகிரிக்கு மேல இறக்க வேணாம், சூட்டுல பொழச்சத அவசரமா குளிர வச்சு சாகடிச்சவங்க நிறைய. ஃபேன் ஓடினா தண்ணி ஆவியாகும், உப்பு அப்படியே நிக்கும், அதனால குறையறதுக்கு ஆர்ஓ ஃபில்டர்ல வர்ற நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி இல்ல.

கே: ஹேமர் கோரல் பால் வெள்ளையாயிடுச்சு, தூக்கிப் போட்டுடவா?

ப: சதை இருக்கா பாருங்க. சதை இருந்து வெள்ளையா இருந்தா அது சாகல, உள்ள குடியிருந்து சோறு போட்ட பாசி வெளிய போயிருக்கு, அவ்ளோதான். லைட்ட பாதியா குறைங்க, ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா பொடி மைசிஸ் (குட்டி இறால் மாதிரி தீனி) குடுங்க, இடத்த மாத்தி மாத்தி வைக்காதீங்க. கலர் திரும்ப மாசக்கணக்குல ஆகலாம். சதை உரிஞ்சு பழுப்பா கொழகொழன்னு வழிஞ்சா மட்டும் உடனே வெளிய எடுங்க, பக்கத்துல இருக்கறதுக்கும் பரவும்.

கே: கோரலுக்கான கரைசல அளவா விடற டோசிங் பம்ப் நிக்காம ஓடி கேஹெச் (தண்ணில கார்பனேட் அளவு) 14 வந்துடுச்சு ப்ரோ, தண்ணி சுண்ணாம்பு கரைச்ச மாதிரி. வினிகர் ஊத்தி சரி பண்ணவா?

ப: வேணாம். அந்த வெள்ளை, கால்சியம் கார்பனேட்டா படியறது. டோசிங்க நிறுத்திட்டு சும்மா இருங்க, தானா இறங்கும். அப்புறம் கால்சியம் டெஸ்ட் பண்ணுங்க, அது கண்டிப்பா அடி வாங்கியிருக்கும்.

கே: அமோனியா 0.5 காட்டுது. எல்லாத்தையும் கழட்டி ராக்க கழுவிடட்டுமா?

ப: ஐயையோ, அமோனியாவத் திங்கற பாக்டீரியாவே அந்த ராக்லதான் இருக்கு! செத்த நத்தை, மீன் எங்கயாவது இடுக்குல இருக்கும், தேடி எடுங்க. டேங்க்ல இருக்கற அதே சூட்டுல, அதே உப்புல கலந்த தண்ணில கால்வாசி மாத்துங்க, மறுநாள் திரும்ப டெஸ்ட்.

கே: செத்த கோரலுக்கு பதிலா ராமேஸ்வரம் பக்கம் கடல்ல எடுத்துக்கலாமா?

ப: கூடாது தம்பி. கல்பவளம் எல்லாம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, புலிக்கு இருக்கற அதே பட்டியல். கேஸாயிடும்.

கே: ஆறு மணி நேரம் கரண்ட் இல்ல, கேனிஸ்டர் ஃபில்டரும் (வெளிய வைக்கற மூடின டப்பா ஃபில்டர்) நின்னுடுச்சு. கரண்ட் வந்ததும் ஆன் பண்ணலாமா?

ப: அப்படியே போடாதீங்க. ஆக்சிஜன் இல்லாம உள்ள தேங்கின தண்ணி மொத்தமும் டேங்க்ல வந்து கொட்டும். அத வெளிய ஊத்திட்டு, உள்ள இருக்கற வடிகட்டற மீடியாவ டேங்க் தண்ணிலயே அலசிப் போட்டு ஆன் பண்ணுங்க. அப்படியே ஒரு பேட்டரி ஏர் பம்பும் வாங்கி வச்சுக்கோங்க, சில்லர விட ரொம்ப சீப்.