வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு 68 வயது. எப்போது வேலையைக் குறைக்கச் சொல்வது?

வயதை விடுங்கள், வேலையைப் பாருங்கள். எம்.சி. ரோட்டில் தீபாவளி நெரிசலைச் சமாளித்த அலுப்பு முன்பு ஒரு ராத்திரித் தூக்கத்தில் போயிருக்கும். இப்போது நாலு நாள் இழுக்கிறதா? பரணிலிருந்து மூட்டை இறக்க ஏணி ஏறினால் கால் தடுமாறுகிறதா? நேரம் வந்துவிட்டது. சில்லறைக் கணக்கும் அடிக்கடி பிசகினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரேயடியாகக் கடையை விடச் சொல்லாதீர்கள், சண்டைதான் வரும். முதலில் ஏணியையும் கொள்முதல் அலைச்சலையும் பிடுங்குங்கள். கல்லா அவரிடமே இருக்கட்டும். ராத்திரி கணக்கை நீங்கள் சரிபாருங்கள்.

அப்புறம் பணம். கடையில் முடங்கிய முதலீட்டில் கொஞ்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். வரம்பு 30 லட்சம். மூன்று மாதத்துக்கொருமுறை வட்டி வரும். அது கைக்கு வர ஆரம்பித்தால், மதிய வியாபாரத்தை அவரே உங்களிடம் விட்டாலும் விடுவார்.