சைபர் தாக்குதலுக்குச் சர்வதேசச் சட்டம் பொருந்துமா? துறைமுக வாசலில் நின்றவனின் பதில்

கேள்வி: ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது சைபர் தாக்குதல் நடத்தினால் சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது? தற்காப்பு உரிமை தரும் ஐ.நா. சாசனத்தின் 51வது பிரிவைக் காட்டித் திருப்பி அடிக்கலாமா?

பிரிவு எண்ணோடு கேட்டிருக்கிறீர்கள், அதனால் சட்டம் படிக்கிற பிள்ளை என்று நினைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. 2017ல் நவி மும்பையில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகத்தில் ஏற்றுமதி ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வி அன்றைக்கு எங்கள் வாசலுக்கே வந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

2017 ஜூன் 27, செவ்வாய்க்கிழமை. உக்ரைனில் வரிக் கணக்குப் போடுகிறவர்கள் பயன்படுத்தும் எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற நாசகார நிரல் கிளம்பியது. பணம் கேட்கிற ரான்சம்வேர் மாதிரி வேஷம். உண்மையில் பணம் கட்டினாலும் தரவு திரும்பாது. குறி உக்ரைன்தான், ஆனால் அங்கே கிளை வைத்திருந்த கம்பெனிகளின் நெட்வொர்க் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. மெர்ஸ்க் கப்பல் குழுமம் அப்படித்தான் மாட்டியது. 10 நாளில் 4,000 சர்வர், 45,000 கணினிகளில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அதன் தலைவரே பிறகு சொன்னார். அந்தக் குழுமம் நடத்தும் டெர்மினல் ஒன்று நவி மும்பையின் நவசேவா துறைமுகத்திலும் இருக்கிறது. அங்கேயும் கணினிகள் நின்றன.

புதன்கிழமை காலை எங்கள் கையில் ஒரு ரீஃபர், அதாவது குளிரூட்டும் கண்டெய்னர், உள்ளே நாசிக் பக்கத்திலிருந்து வந்த வெங்காயம், சிவப்பு வலைச் சாக்கில். கஸ்டம்ஸ் வேலை எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் ஃபார்ம் 13 வரவில்லை, அது இல்லாமல் கேட்டுக்குள் வண்டி போகாது. டெர்மினலுக்குள் போய் பிளக் செருகினால்தான் ரீஃபருக்கு மின்சாரம். வெளியே நிற்கும்வரை அது வெறும் இரும்புப் பெட்டி. மழை விட்டு விட்டுப் பெய்தது. மழை நின்ற நேரமெல்லாம் ஜூன் மாதப் புழுக்கம். கண்டெய்னர் எண்ணை, நாலு எழுத்து ஏழு இலக்கம், நோட்டில் கையால் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி வண்டிப் பக்கத்திலேயே இருந்தேன். கடைசியில் கப்பலைத் தவறவிட்டு, வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கதவைத் திறந்தபோது சூடும் அழுகல் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தது. மேலடுக்குச் சாக்குகளில் முளை வலையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வியாபாரி ஒரு சாக்கைத் தூக்கினார், அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "இதுக்கு யார் மேல புகார் கொடுக்கணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். இப்போது சொல்கிறேன். சர்வதேசச் சட்டம் பொருந்துமா என்றால் பொருந்தும், அதில் பெரிய சண்டை இல்லை. 2013லேயே ஐ.நா. அமைத்த அரசு நிபுணர் குழு அதை ஒப்புக்கொண்டது. 2015ல் முக்கியக் கட்டமைப்புகளைத் தாக்கக் கூடாது என்பது உட்பட 11 நெறிகளை எழுதினார்கள், அவை கட்டாயம் இல்லை. அடுத்த குழுவில் இந்தியாவும் இருந்தது. தற்காப்பு உரிமை, எதிர் நடவடிக்கை, போர்ச் சட்டம் இவை எப்படிப் பொருந்தும் என்று எழுதுவதில் ஒத்துவராமல் அந்தக் குழு அறிக்கை இல்லாமலே கலைந்தது. எப்போது என்று பாருங்கள், அதே 2017 ஜூன் மாதம். எங்கள் வண்டி வரிசையில் நின்ற அதே மாதம்.

51வது பிரிவைப் பிடித்துக்கொண்டு உடனே திருப்பி அடிக்க முடியாது. அதற்கு 'ஆயுதத் தாக்குதல்' நடந்திருக்க வேண்டும். பலப்பிரயோகத்தில் மிகக் கடுமையான வடிவங்களே அந்தக் கணக்கில் வரும் என்று நிகராகுவா வழக்கில் 1986லேயே சர்வதேச நீதிமன்றம் பிரித்துவிட்டது. சேதத்தின் அளவும் விளைவும்தான் அளவுகோல். ஆள் செத்து, கட்டடம் இடிந்தால் சரி. தரவு அழிந்து வெங்காயம் அழுகினால்? 1,000 கோடி டாலர் நஷ்டம் என்று அமெரிக்கா மதிப்பிட்ட நாட்பெட்யாவுக்கே எந்த நாடும் 51ஐ எடுத்துக்கொண்டு கிளம்பவில்லை. அதற்காகச் சட்டமே இல்லை என்று ஆகாது. அதற்குக் கீழே இறையாண்மை மீறல் இருக்கிறது, இன்னொரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற தடை இருக்கிறது. மீறிய நாடு நஷ்ட ஈடு தர வேண்டும், பாதிக்கப்பட்ட நாடு படைபலம் இல்லாத, அளவுக்கு மீறாத எதிர் நடவடிக்கை எடுக்கலாம்.

நாட்பெட்யாவை ஏவியதை ரஷ்யா மறுத்ததே என்று கமெண்டில் எழுத வருபவர்களுக்கு: ஆமாம், மறுத்தது. ஆனால் 2018 பிப்ரவரியில் பிரிட்டன், அமெரிக்கா, டென்மார்க் உட்படப் பல நாடுகள் ரஷ்ய ராணுவத்தின் பெயரைச் சொன்னன. 2020 அக்டோபரில் ராணுவ உளவுத் துறையான ஜிஆர்யூவின் ஆறு அதிகாரிகள் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது. ஸ்டக்ஸ்நெட்டை ஏன் சொல்லவில்லை என்றும் கேட்பீர்கள். அமெரிக்காவும் இஸ்ரேலும் ஏவியதாகச் சொல்லப்படும் நிரல் அது. ஈரானின் நத்தான்சில் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜ்களை உடைத்த அதுவும் எனக்குத் தவறுதான். யார் செய்தாலும் தவறு என்றுதான் சொல்கிறேன், ஒரு நாட்டுக்காகப் பேசவில்லை.

என் ஆதங்கம் வேறு இடத்தில். பெயர் சொன்ன அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இந்தச் சட்டத்தில் தனி ஆள் வழக்குப் போட முடியாது, அவருடைய நாடுதான் அவருக்காகக் கேட்க வேண்டும். நாடு வாய் திறக்காவிட்டால் அந்த வியாபாரிக்குச் சட்டம் இருந்தும் இல்லாததுதான். நாடு கேட்டாலும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போக எதிர்த் தரப்பின் சம்மதம் வேண்டும் என்பது தெரியும். அட, கேட்டாவது இருக்கலாமே. நம் துறைமுகம், நம் சரக்கு, நம் விவசாயி.

அந்த வியாபாரிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டு வரியில் பதில் அனுப்பியது, தாமதத்தால் வந்த இழப்பு பாலிசியில் வராது என்று. அதே நாட்பெட்யாவில் மாட்டிய அமெரிக்காவின் மெர்க் மருந்துக் கம்பெனிக்கு 140 கோடி டாலர் கோரிக்கை இருந்தது. 'போர் விலக்கு' என்று காட்டி இன்ஷூரன்ஸ்காரர்கள் மறுத்தார்கள், நியூ ஜெர்சி நீதிமன்றங்கள் அந்த விலக்கு இதற்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டன. வருடக்கணக்கில் வக்கீல் வைத்து நடத்த அவர்களால் முடிந்தது. வெங்காயக்காரரால் முடியுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த இரண்டு ராத்திரியும் ட்ரெய்லர் டிரைவர் வண்டியை விட்டு நகரவில்லை. குளிக்க இடமில்லை, கழிப்பறை இல்லை, குடிதண்ணீரைக் கடையில் காசு கொடுத்து வாங்கினார். கணினி நின்றதால் மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது. நான் பார்த்த துறைமுகம் எதுவானாலும் சரி, சாதாரண நாளிலேயே வரிசை நின்றால் டிரைவர்களுக்கு இதே கதிதான். கோடிக்கணக்கில் டெர்மினல் கட்டுகிறவர்களுக்கு வெளியே நாலு கழிப்பறை கட்ட மனம் வரவில்லை.

சரி, உங்கள் படிப்புக்கு. சைபர் விஷயங்களுக்குச் சர்வதேசச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று விளக்கும் டாலின் கையேட்டை மட்டும் மேற்கோள் காட்டி விட்டுவிடாதீர்கள், அது நிபுணர்கள் எழுதியது, எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. அரசுப் பொறுப்பு பற்றி 2001ல் சர்வதேசச் சட்ட ஆணையம் முடித்த விதிகளை முதலில் படியுங்கள். பிறகு அல்பேனியாவைப் பாருங்கள். 2022 ஜூலையில் அதன் அரசு இணையச் சேவைகள் தாக்கப்பட்டன, செப்டம்பரில் ஈரான்தான் காரணம் என்று அறிவித்து, 24 மணி நேரத்தில் வெளியேறச் சொல்லித் தூதரக ஊழியர்களை அனுப்பிவிட்டது. சின்ன நாடு, குண்டு எதுவும் போடவில்லை, 51ஐத் தொடவும் இல்லை.