குறைந்த கிலோமீட்டர் டெமோ கார்: விலை, வாரண்டி பற்றிய கேள்வி பதில்

ஷோரூமில் டெமோவாக ஓடிவிட்டு, சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே விற்பனைக்கு வரும் வேகக் கார்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வாங்கும் முன் காரைப் பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கோவை: அண்ணா, பிஎம்டபிள்யூ எம்340ஐ டெமோ, 14 மாதம் ஆச்சு, 4,200 கி.மீ. தான். 66 லட்சம் கேட்கிறார்கள். புதுசு ஆன்ரோடு 90 லட்சம் வருது. 24 லட்சம் மிச்சம்தானே?

தம்பி, ஆன்ரோடு விலையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எந்த டெமோ காரும் மலிவாகத்தான் தெரியும். அதில் தமிழ்நாட்டின் 20 சதவீத ஆயுள் வரியும் காப்பீடும் சேர்ந்திருக்கிறது. சொகுசுக் காரை நாளை நீங்கள் விற்கும்போது அந்த வரிக்கென்று யாரும் தனியாகக் காசு தரமாட்டார்கள். அவை இரண்டும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். அதுவும் இன்றைய விலை. 2025 செப்டம்பர் 22 வரை இந்த மூன்று லிட்டர் பெட்ரோல் செடானுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 48 சதவீதம், இப்போது 40. டீலர் பழைய வரியில் வாங்கினார் என்பது அவருடைய நஷ்டம். அதை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

இன்றைய எக்ஸ்-ஷோரூம் 72 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டில் ஐடிவி, அதாவது காரின் இன்றைய மதிப்பு, போட ஒரு தேய்மான அட்டவணை உண்டு: ஆறு மாதம் தாண்டி ஒரு வருடம் வரை 15 சதவீதம், இரண்டு வருடம் வரை 20. உங்கள் கார் இரண்டாவது வரிசையில் வருகிறது. 72-இல் 20 சதவீதம் போனால் 57.6 லட்சம். பேச்சு அங்கே தொடங்க வேண்டும். ஆர்சி டீலர் பெயரில் இருந்தால் நீங்கள் இரண்டாவது உரிமையாளர், அதற்கும் குறைக்கச் சொல்லலாம். நான் 60-ஐத் தாண்டமாட்டேன். கடைசி பில்லில் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, சேர்ப்பார்கள். பத்து லட்சத்துக்கு மேல் போனால் அது உண்டு. பயப்பட வேண்டாம், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

வேளச்சேரி: சார், வாரண்டி நான் வாங்கின தேதியிலிருந்துதானே?

இல்லை. முதல் இன்வாய்ஸ் அல்லது முதல் பதிவுத் தேதியிலிருந்து. கோவைத் தம்பியின் காருக்கு இரண்டு வருட வாரண்டி என்றால் 14 மாதம் ஏற்கெனவே கரைந்துவிட்டது, கையில் பத்து மாதம்தான். கிலோமீட்டர் 4,200 என்றாலும் 42 என்றாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால் முதலில் தேதியைக் கேளுங்கள். காரின் அடையாள எண்ணான விஐஎன்னை வாங்கிக்கொண்டு, விற்கிறவரிடம் அல்லாமல் அதே கம்பெனியின் வேறொரு சர்வீஸ் சென்டரில் கொடுத்து, வாரண்டி எந்த நாளில் முடிகிறது என்று பாருங்கள். “ஒரு வருஷம் வாரண்டி தர்றோம்” என்று டீலர் சொன்னால், கார் கம்பெனி தருகிறதா, டீலர் தருகிறாரா, மூன்றாவதாக ஒரு நிறுவனமா என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்றும் ஒன்றல்ல. கம்பெனியின் நீட்டிப்பைப் பெரும்பாலும் முதல் வாரண்டி முடிவதற்குள் வாங்கியாக வேண்டும். அதற்கு விலைப்புள்ளி கேட்டு, அந்தத் தொகையைக் கார் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஈரோடு: ரீமேப் செய்த காரை ஸ்டாக்குக்கு மாற்றிக் கொடுத்தால் வாரண்டி கிடைக்குமா?

ரீமேப் என்பது எஞ்சினை இயக்கும் கணினியான இசியுவின் மென்பொருளைச் சக்திக்காக மாற்றி எழுதுவது. பழையபடி மாற்றினாலும் அதில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பெரும்பாலும் நிற்கும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி கார்களில் மென்பொருள் மாற்றப்பட்டது என்று கம்பெனி பதிவில் போடும் டிடி1 என்ற குறி விழுந்துவிட்டால் எஞ்சின், கியர்பாக்ஸ் கிளெய்ம் எல்லாம் கேள்விக்குறிதான். வாங்கும் முன் ஸ்கேன் எடுங்கள்.

ஓசூர்: டெமோ காரையே தொடக்கூடாது. வருகிறவன் போகிறவன் எல்லாம் குளிர்ந்த எஞ்சினில் மிதித்திருப்பான்.

அண்ணா நகர்: இவர் சொல்வது கார்புரேட்டர் காலத்துக் கதை. இன்றைய சிந்தெடிக் ஆயிலுக்கும் இசியுவுக்கும் அதெல்லாம் ஒன்றுமில்லை.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். அண்ணா நகர் நண்பரே, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சீக்கிரம் சூடாகிவிடும். ஆயில் பின்னால்தான் வரும். பிஎம்டபிள்யூவின் முழு எம் கார்களில் (எம்2 போன்றவை, எம்340ஐ இதில் சேராது) ஆயில் சூடாகும் வரை, எஞ்சின் சுழற்சி வேகம் காட்டும் டாக்கோமீட்டரில் ரெவ் எல்லையைக் குறைத்தே காட்டுவார்கள். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவர்கள் ஏன் விளக்குப் போட வேண்டும்? அந்தக் கார்களுக்கு 2,000 கி.மீ.யில், புது எஞ்சின் பழகியதும் செய்யும் ரன்னிங்-இன் சர்வீஸும் உண்டு. எம்2 டெமோ ஒன்று 3,000 கி.மீ. ஓடியிருந்து அந்த சர்வீஸ் பதிவில் இல்லை என்றால், விலை பேசவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்காக ஓசூர் நண்பர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் ஒதுக்கவும் முடியாது. கார் எப்படி ஓடியது என்பதைக் காரே காட்டிக்கொடுக்கும். பின் டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். பிஎம்டபிள்யூ தொழிற்சாலையில் போடும் டயரில் சின்னதாக ஒரு நட்சத்திரம் அச்சிட்டிருக்கும். 4,200 கி.மீ. காரில் முன் டயரில் நட்சத்திரம் இருந்து பின் டயரில் இல்லையென்றால் பின் டயரை மாற்றியிருக்கிறார்கள். அதற்குள் ஏன் மாற்ற வேண்டிவந்தது என்று கேளுங்கள். பிரேக் டிஸ்க்கின் வெளி விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். தெளிவாக ஒரு படி தட்டினால் யாரோ நன்றாக விளையாடியிருக்கிறார்கள்.

ஓசூர்: கோவை கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டிய காராக இருந்தால்?

நல்ல கேள்வி. போட்டி, டிராக் பயன்பாட்டை வாரண்டி விதிகள் பொதுவாக விலக்கிவிடும். “டிராக்கில் ஓடவில்லை” என்று விற்பனைக் கடிதத்திலேயே ஒரு வரி கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மதுரை: 5,800 கி.மீ. ஓடிய கோல்ஃப் ஜிடிஐ, நல்லதா?

இன்வாய்ஸ் தேதி?

சேலம்: 3,000 கி.மீ. ஓடிய மினி கூப்பர் எஸ், எடுக்கலாமா?

தேதியைச் சொல்லுங்கள். கிலோமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் எதுவும் சொல்ல முடியாது.

தாம்பரம்: 2020 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245, 9,000 கி.மீ., டீலரிடம் நிற்கிறது. 32 லட்சம். அன்று விலையே 35.99 தானே?

ஆமாம். இந்தியாவுக்கு 200 கார்தான் வந்தது, அதனால் தேய்மான அட்டவணை இதற்குப் பொருந்தாது. விலை ஆசையைப் பொறுத்தது. ஆனால் ஓடாமல் நின்ற காருக்குச் செலவு உண்டு: டயர் பாறையாகியிருக்கும், பிரேக் திரவம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, பேட்டரி போயிருக்கும், பானட்டுக்குள் எலி வயரைக் கடித்திருக்கும். சென்னைக் கார் என்றால் இன்னொன்றும் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது இந்தக் கார் எந்த பேஸ்மென்ட்டில் நின்றது? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள், சீட் ரெயில் போல்ட்டில் துருவைப் பாருங்கள், காப்பீட்டு கிளெய்ம் வரலாற்றைக் கேளுங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தால் மட்டும் ஆசைப்படுங்கள்.

திருச்சி: ஸ்விஃப்ட்டில் சிஎன்ஜி போடலாமா?

இது என் விஷயம் இல்லை. அங்கீகாரம் பெற்ற சிஎன்ஜி சென்டரில் கேளுங்கள்.

நாமக்கல்: 7,000 கி.மீ. ஓடிய ஐ20 என் லைன்...

தேதி, தேதி, தேதி.

கிருஷ்ணகிரி: பெங்களூரு டீலரிடம் கேஏ நம்பர் டெமோ கார் மூன்று லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா சார்?

இங்கே மறுபதிவு செய்யும்போது காரின் வயதுக்கேற்ப ஆயுள் வரி மறுபடியும் கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காரில் அந்த மூன்று லட்சத்தை வரியே விழுங்கி, மேலும் கேட்கும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்கு அலைய வேண்டும். அந்தப் பணத்தை இன்றே கையில் இருப்பதாக நினைத்துச் செலவு செய்யாதீர்கள். கிருஷ்ணகிரி ஆர்டிஓவில் வரி எவ்வளவு வரும் என்று முதலில் விசாரியுங்கள். வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்ற படிவம் 28 என்ஓசியும், ஆர்சியில் கடன் குறிப்பு இருந்தால் அதை நீக்கும் படிவம் 35-உம் டீலர் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். அந்தக் காரின் இன்வாய்ஸ் தேதியையும் எனக்கு அனுப்புங்கள்.